அடிமுத்திரை சொல்லும் ஆண்டு: பழைய ஆங்கிலப் பீங்கானை இனம் காண்பது எப்படி?

பழைய ஆங்கிலப் பீங்கான் தட்டையோ கோப்பையையோ கவிழ்த்துப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு முத்திரை தென்படும். ஒன்றில் கிரீடமும் சிங்கமும் இருக்கும். இன்னொன்றில் வைர வடிவக் கட்டத்துக்குள் சில எழுத்துகள் இருக்கும். வேறொன்றில் ஈரக் களிமண்ணில் அழுத்திய மூன்றே மூன்று எழுத்துகள் இருக்கும். இவை அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல. வடிவமைப்பை மற்றவர்கள் திருடாமல் காப்பதற்கு, அமெரிக்கச் சுங்கத்தைக் கடப்பதற்கு, தொழிற்கூடத்துக்குள் கணக்கு வைப்பதற்கு என ஒவ்வொரு குறியும் ஒரு தேவையால் பிறந்தது. அந்தத் தேவை எந்த ஆண்டில் எழுந்தது என்று தெரிந்துகொண்டால், கையில் இருக்கும் பொருள் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். முத்திரையைக் கொண்டு காலம் கணிப்பதன் அடிப்படை இதுதான்.

ஆறு ஊர்களின் தொழில்

ஆங்கிலப் பீங்கானின் தாயகம் மத்திய இங்கிலாந்தில் உள்ள ஸ்டாஃபோர்ட்ஷயர். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் ஆகிய ஆறு ஊர்களும் அடுத்தடுத்து அமைந்தவை. 1910-ல் இவை ஒரே நகராட்சியாக இணைந்து ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஆயின. சூளைக்கு வேண்டிய நிலக்கரி அங்கேயே கிடைத்தது. வெள்ளைக் களிமண் தெற்கே கார்ன்வால், டெவன் பகுதிகளிலிருந்து வந்தது. 1777-ல் ட்ரென்ட்-மெர்ஸி கால்வாய் திறக்கப்பட்டதும், களிமண் வருவதும் உடையாமல் பாண்டங்கள் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போவதும் எளிதாயின. வூஸ்டர், டார்பி, லண்டன், லீட்ஸ் போன்ற இடங்களிலும் புகழ்பெற்ற தொழிற்கூடங்கள் இருந்தன. ஆனாலும் எண்ணிக்கையில் ஸ்டாஃபோர்ட்ஷயரை மிஞ்ச எந்த ஊராலும் முடியவில்லை.

இந்த எண்ணிக்கைதான் இனம் காண்பதைக் கடினமாக்குகிறது. நூற்றுக்கணக்கான சிறு கூடங்கள் ஒரே பாணியில் வேலை செய்தன. முத்திரை இட்டே ஆக வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டில் சட்டம் எதுவும் கிடையாது. தயாரிப்பாளரின் பெயர் வாங்குபவருக்குத் தெரிந்தால் அவர் நேரே அங்கே போய்விடுவாரே என்று கடைக்காரர்களும் தயங்கினார்கள். அதனால் அந்தக் காலத்துப் பாண்டங்களில் பல முத்திரையே இல்லாமல் வெளிவந்தன. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு பொருளைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

முத்திரை இடப்பட்ட விதம்

முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால், அது எப்படி இடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஈரமான களிமண்ணில் கூர்முனையால் கையால் கீறியது ஒரு வகை. அதன் ஓரங்களில் மண் சற்றே மேலெழுந்து நிற்கும். அச்சுக்கட்டையால் அழுத்திப் பதித்தது இரண்டாவது வகை. அதன் எழுத்துகள் ஒரே அளவாகவும் ஒழுங்காகவும் இருக்கும். வெட்ஜ்வுட் கூடம் பெரிதும் கையாண்ட முறை இது. தூரிகையால் எழுதியது மூன்றாவது. தனியாக வார்த்துப் புடைப்பாக ஒட்டியது நான்காவது.

ஐந்தாவதான அச்சு முத்திரைதான் மிகப் பரவலானது. செம்புத் தகட்டில் செதுக்கிய உருவத்தில் மை தடவி, அதை மெல்லிய தாளில் எடுத்து, பாண்டத்தின் மேல் ஒட்டித் தேய்ப்பார்கள். அதன் மேல் மெருகுப்பூச்சு பூசிச் சூளையில் வைத்துவிட்டால், முத்திரை கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் நிலைத்துவிடும். நகத்தால் வருடினால் மேடு தட்டாது. இவ்வகை அச்சு முத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை.

லண்டனின் செல்சி தொழிற்கூடம் இட்ட நங்கூரக் குறி, இடும் விதத்தின் முக்கியத்துவத்துக்கு நல்ல உதாரணம். ஏறத்தாழ 1749 முதல் 1752 வரை அது புடைப்பாக ஒட்டப்பட்டது. 1752 முதல் 1756 வரை சிவப்பில் தீட்டப்பட்டது. அதன் பிறகு 1769 வரை பொன்னிறத்தில் தீட்டப்பட்டது. அசல் நங்கூரம் மிகச் சிறியது, கண்ணில் படாத மூலையில் இருப்பது. பெரிதாக, பளிச்சென்று தங்க நங்கூரம் தெரிந்தால் பிற்காலத்து நகல் என்று ஐயப்படுவதற்கு இடமுண்டு. பாரிஸின் சாம்சன் நிறுவனம் உட்படப் பலர் இதை நகல் செய்திருக்கிறார்கள்.

ஒரு சொல், ஓர் ஆண்டு

முத்திரையில் உள்ள சில சொற்களே காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றில் முதன்மையானது ‘இங்கிலாந்து’ என்ற சொல். இறக்குமதியாகும் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் கட்டாயமாக்கியது. 1890-ல் நிறைவேறிய அச்சட்டத்தின் இந்த விதி 1891-ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா பெரிய சந்தை என்பதால் ஆங்கிலத் தொழிற்கூடங்கள் எல்லாம் தங்கள் முத்திரையில் நாட்டின் பெயரைச் சேர்த்தன. ஆகவே அடியில் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால், பொருள் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. ஆனால் இதைத் தலைகீழாகப் பொருத்தக் கூடாது. நாட்டின் பெயர் இல்லாததாலேயே ஒரு தட்டு 1891-க்கு முந்தியது ஆகிவிடாது. உள்நாட்டில் விற்கச் செய்தவற்றில் பெயரை விட்டுவிட்டதும் உண்டு. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முழுத் தொடர் 20-ஆம் நூற்றாண்டின் அடையாளம்.

மற்றச் சொற்களுக்கும் இப்படியே பின்னணி உண்டு. நிறுவனப் பெயருக்குப் பின்னால் வரும் ‘லிமிடெட்’, பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு விதித்த 1855-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்திருக்க முடியும். பீங்கான் முத்திரைகளில் அது பரவலானது 1880-களிலிருந்துதான். ‘ட்ரேட் மார்க்’ என்ற தொடர் 1862-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்துக்குப் பிந்தியது. ஓவியத்தின் பெயரை முத்திரையில் அச்சிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ‘போன் சைனா’ என்று எழுதியிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. எலும்புச் சாம்பல் கலந்த அந்தப் பீங்கான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்யப்பட்டது என்றாலும், அந்தப் பெயரை முத்திரையில் போடுவது பிற்கால வழக்கம். ‘டிஷ்வாஷரில் கழுவலாம்’, ‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்ற குறிப்புகள் இரண்டாம் உலகப் போருக்கு வெகுகாலம் கழித்து வந்தவை.

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரச இலச்சினையைப் பார்த்ததும், அந்தப் பொருள் அரண்மனைக்காகச் செய்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அரசுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லாத சிறு கூடங்களும் அந்த இலச்சினையைத் தாராளமாக அச்சிட்டன. ஆனால் காலம் கணிக்க அது உதவும். 1837-ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது ஹானோவர் நாட்டின் ஆட்சி பிரிட்டிஷ் முடியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய இலச்சினையின் நடுவில் ஹானோவருக்கான சிறு கேடயம் ஒன்று இருக்கும். அதற்குப் பிந்தியதில் கேடயம் நான்கு பகுதிகளாக மட்டுமே பிரிந்திருக்கும். சிறு கேடயம் இல்லாத இலச்சினை 1837-க்குப் பிந்தியது.

வைரக்குறியைப் படிப்பது

ஆங்கிலப் பீங்கானில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சொல்லும் முத்திரை வைரக்குறி. 1842-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி, புதிய வடிவத்தையோ ஓவியத்தையோ அரசு அலுவலகத்தில் பதிவு செய்தால், பீங்கானுக்கு மூன்றாண்டுக் காலம் பாதுகாப்புக் கிடைத்தது. பதிவு செய்ததன் அடையாளமாக இந்தக் குறியைப் பொருளில் இட்டார்கள். 1883 வரை இம்முறை நீடித்தது.

சாய்சதுரத்தின் உச்சியில் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதில் பொருளின் வகை ரோமன் எண்ணில் இருக்கும்; பீங்கானுக்கு உரிய எண் நான்கு. சாய்சதுரத்தின் நான்கு மூலைகளில் மற்ற விவரங்கள் இருக்கும். 1842 முதல் 1867 வரை வட்டத்துக்குக் கீழே, மேல் மூலையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, இடப்புறம் மாதத்தின் எழுத்து, வலப்புறம் நாள், கீழே பதிவுக் கட்டின் எண். 26 எழுத்துகளும் தீர்ந்துபோனதால் 1868-ல் இடங்களை மாற்றினார்கள். அது முதல் மேலே நாள், வலப்புறம் ஆண்டின் எழுத்து, கீழே மாதம், இடப்புறம் கட்டு எண்.

எழுத்துகள் அகர வரிசையில் அமைந்தவை அல்ல. முதல் காலகட்டத்தில் ‘எக்ஸ்’ 1842, ‘எச்’ 1843, ‘சி’ 1844, ‘எஸ்’ 1849. இரண்டாம் காலகட்டத்தில் அதே ‘எக்ஸ்’ 1868, ‘எச்’ 1869, ‘சி’ 1870, ‘எஸ்’ 1875. மாதங்களில் ‘எச்’ ஏப்ரல், ‘ஆர்’ ஆகஸ்ட், ‘கே’ நவம்பர். ஒரு தட்டின் குறியில் மேல் மூலையில் ‘எஸ்’, இடப்புறம் ‘எச்’, வலப்புறம் 16 என்று இருந்தால், அந்த வடிவம் 1849 ஏப்ரல் 16 அன்று பதிவானது. அதே ‘எஸ்’ வலப்புறத்தில் இருந்து, மேல் மூலையில் எண் இருந்தால் ஆண்டு 1875. எழுத்தை மட்டும் பார்த்து அது நிற்கும் இடத்தைப் பார்க்காமல் விட்டால் 26 ஆண்டுகள் பிசகிவிடும்.

1884 முதல் வைரக்குறிக்குப் பதிலாகத் தொடர் எண் வந்தது. ‘ஆர்.டி. நம்பர்’ என்ற சுருக்கத்துக்குப் பின்னால் அந்த எண் இருக்கும். 1884 தொடக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கிய எண், 1885 தொடக்கத்தில் 19,754-ஐயும் 1890 தொடக்கத்தில் 141,273-ஐயும் 1900 தொடக்கத்தில் 351,202-ஐயும் எட்டியிருந்தது. ஆகவே 1,50,000-க்கு அருகில் உள்ள எண் 1890-ஆம் ஆண்டைச் சுட்டும். பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயர் இல்லாத பாண்டத்திலும் வைரக்குறியோ தொடர் எண்ணோ தெளிவாக இருந்தால், அங்குள்ள பதிவேட்டைக் கொண்டு யார் பதிவு செய்தார் என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தேதிகள் வடிவமைப்பு பதிவான நாளைச் சொல்கின்றன. அந்தக் குறிப்பிட்ட தட்டு சூளையிலிருந்து வெளிவந்த நாளை அல்ல. நன்றாக விற்ற ஒரு வடிவத்தை அதே குறியோடு பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள்.

தொழிற்கூடங்களின் உள்கணக்கு

தட்டு செய்யப்பட்ட ஆண்டையே சொல்லும் குறிகளைச் சில பெரிய தொழிற்கூடங்கள் தங்கள் சொந்தக் கணக்குக்காக வைத்திருந்தன. ஜோசையா வெட்ஜ்வுட் 1759-ல் பர்ஸ்லத்தில் தொடங்கிய நிறுவனம், 1860 முதல் சுடுமண் பாண்டங்களில் மூன்று எழுத்துகளை அழுத்திப் பதித்தது. முதல் எழுத்து மாதம், இரண்டாவது செய்த தொழிலாளி, மூன்றாவது ஆண்டு. ஆண்டு எழுத்து 1860-ல் ‘ஓ’ என்று தொடங்கி, 1871-ல் ‘இசட்’ வரை போய், 1872-ல் ‘ஏ’-யிலிருந்து மறுபடி சுற்றியது. அதனால் மூன்றாவது எழுத்து ‘சி’ என்றால் 1874 ஆகலாம், 1900-உம் ஆகலாம். அடியில் ‘இங்கிலாந்து’ என்று சேர்ந்திருந்தால் 1900. இல்லாவிட்டால் 1874 என்பதற்கே வாய்ப்பு அதிகம். 1907 முதல் மாத எழுத்துக்குப் பதிலாக 3 என்ற எண்ணையும், 1924 முதல் 4 என்ற எண்ணையும் இட்டார்கள். எனவே 4-இல் தொடங்கி ‘சி’-யில் முடிந்தால் ஆண்டு 1926. இரண்டு வேறு காலத்து விதிகள் ஒன்றுக்கொன்று உதவி விடையைத் தருவதை இங்கே பார்க்கலாம்.

மின்டன் நிறுவனம் 1842 முதல் ஒரு நூறாண்டுக் காலம் ஆண்டுக்கு ஒரு சிறு சின்னத்தை அழுத்திப் பதித்தது. அதன் பெயரும் துப்புக் கொடுக்கும். 1873 வாக்கில் பெயரின் இறுதியில் ‘ஸ்’ சேர்ந்து ‘மின்டன்ஸ்’ ஆனது. ராயல் வூஸ்டர் புள்ளி வைத்துக் கணக்கிட்டது. 1891-ல் முத்திரையைச் சுற்றி ‘ராயல் வூஸ்டர் இங்கிலாந்து’ என்று சேர்த்தது. 1892-ல் கிரீடத்தின் அருகே ஒரு புள்ளி வைத்து, அதன் பின் ஆண்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனது. 1915-ல் புள்ளிகள் 24 ஆகிவிட்டதால், அடுத்த ஆண்டு அவற்றை நீக்கிவிட்டு ஒரு நட்சத்திரத்தை வைத்தது. 1901-ல் ‘ராயல்’ பட்டம் பெற்ற டௌல்டன் நிறுவனம், 1928 முதல் பல பொருள்களில் சிங்க முத்திரையின் பக்கத்தில் ஒரு சிறு எண்ணை அச்சிட்டது. அந்த எண்ணோடு 27-ஐக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். 13 என்றால் 1940.

பெயரால் வரும் குழப்பம்

முத்திரையில் உள்ள பெயரெல்லாம் தயாரிப்பாளரின் பெயர் ஆகாது. பல சமயம் பெரிய எழுத்தில் இருப்பது ஓவியத்தின் பெயராக இருக்கும். ‘வில்லோ’ என்ற நீலநிறச் சீன பாணிக் காட்சியை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எத்தனையோ கூடங்கள் அச்சிட்டிருக்கின்றன. அந்தப் பெயரால் ஆளையும் கண்டுபிடிக்க முடியாது, ஆண்டையும் கண்டுபிடிக்க முடியாது. சிலவற்றில் கடைக்காரரின் பெயர் இருக்கும். லண்டனின் தாமஸ் குட் கடை, மின்டன் போன்ற கூடங்களின் பாண்டங்களில் தன் பெயரைப் போட்டு விற்றது.

‘வெட்ஜ்வுட்’ என்ற பெயரே சிக்கலானது. ஜோசையாவின் நிறுவனம் வெறும் ‘வெட்ஜ்வுட்’ என்றே இட்டது. ‘வெட்ஜ்வுட் அண்ட் கோ’ என்றிருந்தால் அது பெரும்பாலும் டன்ஸ்டாலில் இருந்த வேறொரு நிறுவனம். பெயரின் நடுவில் கூடுதலாக ஓர் ‘ஈ’ எழுத்து இருந்தால், ஸ்டாக்டனின் வில்லியம் ஸ்மித் நிறுவனத்தை நினைக்க வேண்டும். புகழ்பெற்ற பெயரைச் சற்றே திரித்துப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்.

கூட்டாளிகள் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. இது காலக்கணிப்புக்குப் பெரிய உதவி. ஜோசையா ஸ்போட் 1770-ல் ஸ்டோக்கில் நிறுவிய கூடம், 1833 முதல் 1847 வரை ‘கோப்லண்ட் அண்ட் காரெட்’ என்றும், அதன் பிறகு ‘கோப்லண்ட்’ என்றும் வழங்கியது. 1970-ல் பழையபடி ‘ஸ்போட்’ ஆனது. அதன் புகழ்பெற்ற ‘இத்தாலியன்’ நீல ஓவியம் 1816-ல் வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. ஓவியத்தைப் பார்த்து ஆண்டு சொல்ல முடியாத அந்தத் தட்டில், பெயர் முத்திரைதான் காலத்தைப் பிரித்துக் காட்டும்.

பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகள் மட்டும் இருக்கும்போது, கடைசி எழுத்து ஊரைக் குறிப்பதாகவும் இருக்கலாம். ‘பி’ பர்ஸ்லம், ‘எச்’ ஹான்லி, ‘எல்’ லாங்டன். ஸ்டாஃபோர்ட்ஷயரின் முடிச்சுச் சின்னத்தைப் பல கூடங்கள் பொதுவாகப் பயன்படுத்தியதால், அதை வைத்து மட்டும் எந்தக் கூடம் என்று முடிவு செய்ய இயலாது.

முத்திரையில் அச்சிட்ட ஆண்டுகளும் ஏமாற்றும். வூஸ்டர் முத்திரையின் நடுவில் உள்ள 51 என்ற எண், தொழிற்கூடம் தொடங்கிய 1751-ஐக் குறிப்பது. தட்டின் வயதை அல்ல. சார்லஸ் ஜேம்ஸ் மேசன் ‘அயர்ன்ஸ்டோன் சைனா’வுக்குக் காப்புரிமை பெற்றது 1813-ல். ஆனால் ‘மேசன்ஸ் பேடன்ட் அயர்ன்ஸ்டோன்’ என்ற வாசகம் 20-ஆம் நூற்றாண்டுப் பாண்டங்களிலும் இருக்கிறது.

பாண்டத்தின் சாட்சியம்

முத்திரை சொன்னதைப் பாண்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டை விளக்கின் எதிரே பிடித்து, பின்புறம் கையை வைத்துப் பார்த்தால், பீங்கானில் விரல்களின் நிழல் தெரியும். சுடுமண் பாண்டத்தில் தெரியாது. அடிவளையத்தின் ஓரத்தில் மெருகுப்பூச்சு தேங்கிய இடத்தில் இளமஞ்சள் தெரிந்தால் ‘கிரீம்வேர்’, இளநீலம் தெரிந்தால் ‘பேர்ல்வேர்’. இரண்டும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓங்கியவை. சூளையில் தாங்கிகளின் மேல் வைத்ததால் உண்டான மூன்று சிறு புள்ளித் தழும்புகளும் அடியில் இருக்கலாம்.

ஓவியத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது மிகப் பயன் தரும். செம்புத் தகட்டிலிருந்து எடுத்த அச்சில் கையால் செதுக்கிய கோடுகளும் ஒழுங்கற்ற குத்துப் புள்ளிகளும் தெரியும். வரிசை பிசகாத, ஒரே அளவான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன இயந்திர அச்சு. முத்திரை எவ்வளவு பழமையாகத் தோன்றினாலும் நம்ப வேண்டியதில்லை. பல ஆண்டுகள் மேசையில் இழுபட்ட தட்டின் அடிவளையத்தில் தேய்மானம் சீரற்று இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த போலித் தேய்மானம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். மெருகுப்பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்புகளைத் தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்துப் பழுப்பாக்கிவிட முடியும் என்பதால், அவற்றை மட்டும் பழமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ஓவியமே இல்லாத வெள்ளைப் பாண்டத்துக்கும் வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-லிருந்து, பிரிட்டனின் உள்நாட்டுச் சந்தைக்கு அலங்காரமற்ற எளிய பாண்டம் மட்டுமே செய்ய அரசு அனுமதித்தது. அலங்காரப் பாண்டம் ஏற்றுமதிக்குப் போனது. 1952-ல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. நல்ல தொழிற்கூடத்தின் முத்திரையோடு வெறும் வெள்ளையாக இருக்கும் கோப்பை அந்தக் காலத்ததாக இருக்கலாம்.

பழகிக்கொள்ள வேண்டிய வரிசை

முதலில் முத்திரை இடப்பட்ட விதம். அடுத்து நாட்டின் பெயர், ‘லிமிடெட்’ போன்ற சொற்கள். பிறகு வைரக்குறி அல்லது பதிவு எண். அதன் பிறகு நிறுவனத்தின் பெயரும் உள்கணக்குக் குறிகளும். கடைசியில் பாண்டத்தின் மண், மெருகு, அச்சு, தேய்மானம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் காலம் குறுகிக்கொண்டே வரும். அதோடு ஜெஃப்ரி காடன் 1964-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் பீங்கான் முத்திரைக் கலைக்களஞ்சியத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது இத்துறையில் நிலைத்த வழக்கம். ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகமும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் ஒப்பிடுவதற்கு அசல் பாண்டங்களை வைத்திருக்கின்றன.

இத்தனை அடையாளங்களிலும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லத் தகுந்தது எதுவும் இல்லை. முத்திரையை நகல் எடுக்கலாம், பெயரைத் திரிக்கலாம், பழைய வாசகத்தைப் புதிய தட்டில் அச்சிடலாம். ஆனால் முத்திரை, மண், மெருகு, அச்சு எல்லாவற்றையும் ஒரே காலத்துக்கு ஒத்துப்போகும்படி போலி செய்வது மிகக் கடினம். ஆகவே பழைய ஆங்கிலப் பீங்கானை வாங்க நினைப்பவர்கள், குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முத்திரையை அழுத்தித் தேய்த்துக் கழுவாமல், தெளிவாகப் படமெடுத்து, அந்தப் பொருள் யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முத்திரை சொல்லாத பாதியை அந்தக் குறிப்புதான் நிரப்பும்.